ஐந்தாவது ஸ்க்ரூ

எங்கள் சார் மூடிய குழாயை அவரைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியாது. சங்கரன்கோவிலில் அவர் வேலை பார்த்த கல்லூரியில், இயற்பியல் துறைக்கென்று மூன்று தண்ணீர்க் குழாய்கள் இருந்தன. மூன்றும் அவர் கைபட்டவை. நாங்கள் கை கழுவ வேண்டுமென்றால் மாடியேறி வேதியியல் துறைக்குத்தான் போக வேண்டும். "என்ன, உங்க சாரு இன்னைக்கும் குழாய அடச்சிட்டாரா?" என்று அங்கே கேட்பார்கள். அடைக்கவில்லை, மூடினார் என்று முதல் வருடம் திருத்திச் சொன்னேன். இரண்டாம் வருடம் அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

பேரைச் சொல்லப் போவதில்லை. ஓய்வு பெற்று ஊருக்குள்ளேதான் இருக்கிறார். நான் இப்படி எழுதியது தெரிந்தாலும் கோபப்பட மாட்டார். வீட்டுக்கு வந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே என் கதவுத் தாழ்ப்பாளை எல்லாம் டைட் வைத்துவிட்டுப் போவார். அதன் பிறகு நான் ஆள் கூப்பிட வேண்டியிருக்கும்.

மற்ற பேராசிரியர்களுக்குச் சட்டைப் பையில் பேனா இருக்கும். இவருக்கு ஆலன் கீ கொத்து இருக்கும். தலையில் அறுகோணக் குழி வைத்த ஸ்க்ரூக்களைத் திருப்புகிற வளைந்த கம்பி அது. எங்கே நின்றாலும் அவர் கண் ஸ்க்ரூவைத் தேடும். மேசைக்கு அடியில், நாற்காலிக் காலில், ஃபேன் ரெகுலேட்டரில், எதிரே நிற்பவரின் மூக்குக்கண்ணாடியில். கண்டுவிட்டால் கை தானாகப் போய்விடும். "இன்னும் ஒரு கால் சுத்து," என்பார். கால் சுற்று என்றால் தொண்ணூறு டிகிரி என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அவருடைய கால் சுற்று எங்கே முடியும் என்று எங்கள் கணிதத் துறைக்கே தெரியாது.

ஒரு வருடம் கல்லூரி ஆண்டு விழாவில் மைக் ஸ்டாண்டு ஆடுகிறது என்று யாரோ இவர் காதில் போட்டுவிட்டார்கள். போய் டைட் வைத்துவிட்டு வந்தார். ஆறடி உயரத்தில் வைத்துவிட்டார். அன்றைய சிறப்பு விருந்தினர் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. மூன்று பேர் சேர்ந்து முயன்றும் ஸ்டாண்டு இறங்கவில்லை. பாவம், அந்த மனிதர் நாற்பது நிமிடமும் வானத்தைப் பார்த்து, மாணவர்களே, மாணவர்களே என்று பேசினார். எங்கள் சார் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஸ்டாண்டு ஆடவில்லை என்பதை மட்டும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை குருவிகுளம் போகிற பஸ்ஸில் தூறல் என்று ஷட்டரை இறக்கினார். அது மழைக்காலம் முடிகிறவரை ஏறவில்லை என்று கண்டக்டர் எங்களிடம் வந்து அழுதார்.

அவர் வீட்டம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கப் போனால், அவர் நம்மைவிட அதிகம் சொல்லுவார். "ஏட்டி, உனக்கு மைக்குதான். எனக்கு ஊறுகாய் பாட்டில். மூடி தொறக்கணும்னா அவுக காலேஜ் விட்டு வாரவரைக்கும் காத்துக் கெடக்கணும். வெறும் மோர்சோறத் தின்னுட்டு எத்தன நாளு கெடந்திருக்கேன் தெரியுமா?"

இப்படி ஒரு மனிதர் பாலம் கட்டப் போயிருக்கலாம். தண்டவாளத்துக்குப் போல்ட் போடப் போயிருக்கலாம். நாடே அவரை வாழ்த்தியிருக்கும். அவர் போனதோ மென் எக்ஸ் கதிர் நுண்ணோக்கிக்கு.

ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடிக்கிற எக்ஸ் கதிர் முரடு; சதையைத் தாண்டிப் போய்விடும். மென் எக்ஸ் கதிர் அப்படியல்ல. கொஞ்சம் காற்று குறுக்கே வந்தாலே பெரும்பகுதி தொலைந்துபோகும். அதனால் நுண்ணோக்கி இருக்கிற பெட்டியிலிருந்து காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். எங்கள் வேலையோ தண்ணீரில். ஓர் இரும்புத் துகள் உப்புத் தண்ணீருக்குள் துருப்பிடிப்பதை, அது பிடிக்கிறபோதே பார்க்க வேண்டும். காற்றே இல்லாத பெட்டிக்குள் தண்ணீரை வைத்தால் அது கொதித்துப் பறந்துவிடும். ஆகவே தண்ணீரை இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே சிறைவைக்க வேண்டும். ஜன்னல் என்றால் சிலிக்கன் சில்லின் நடுவே இருக்கும் ஒரு சவ்வு. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இரண்டு சில்லையும், நடுவே தண்ணீரையும் இரும்பையும், சுற்றிலும் ஒழுகாமலிருக்க ரப்பர் வளையத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பதுதான் ஹோல்டர். அதை வடிவமைப்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. நாலு மூலையில் நாலு ஸ்க்ரூ. லூசாக இருந்தால் ஒழுகும். கொஞ்சம் கூடினால் சில்லு உடையும்.

இங்கேதான் எங்கள் சாரை வழிகாட்டியாகப் போட்டிருந்தார்கள்.

ஜன்னல் உடையும்போது பெரிய சத்தமெல்லாம் வராது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். காலையிலிருந்து மூச்சை அடக்கி எல்லாவற்றையும் பொருத்திவிட்டு டீ குடிக்கப் போவேன். திரும்பி வரும்போது சார் மேசைமேல் குனிந்திருப்பார். நான் வாசலில் கால் வைக்கவும் அந்த டிக் கேட்கவும் சரியாக இருக்கும். அவர் நிமிர்ந்து, "பீஸ் சரியில்ல மக்கா," என்பார். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடக் கை சரியில்லை என்று சொன்னதில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். வாயில் வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு புது ஜன்னல் பெட்டியைப் பிரிப்பேன். வழிகாட்டியைத் திட்டி முனைவர் பட்டம் வாங்கியவர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். ஆலன் கீயை ஒளித்து வைத்தேன்; அவரிடம் இன்னொரு கொத்து இருந்தது. "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன். அந்த அட்டை சரிந்து தொங்குகிறது என்று அதன் ஆணியை டைட் வைத்தார். கடைசியில் வெட்கத்தை விட்டு நேராகவே சொன்னேன். "சார், நான் டைட் வச்ச பெறகு நீங்க வைக்காதீங்க சார்." அவர் முகம் மாறவேயில்லை. லீக் என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் கரும்பலகையில் வகுப்பெடுத்தார். வகுப்பு முடிந்ததும் கரும்பலகையின் ஸ்க்ரூவையும் ஒரு கால் சுற்று சுற்றினார்.

இதற்குள் என் கழுத்தில் கத்தி வந்துவிட்டது. ஆய்வுப் பதிவுக்கு இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது; மூன்றாவது கிடையாது. எலக்ட்ரான்களை வட்டமாக ஓடவிட்டு எக்ஸ் கதிர் உண்டாக்குகிற பெரிய கூடம் ஒன்று வடக்கே இருக்கிறது. வரிசையில் காத்துக் கிடந்து, அங்கே எங்களுக்கு மூன்று நாள் கிடைத்திருந்தது. அந்த மூன்று நாளில் துருப்பிடிக்கிற படம் கிடைத்தால் எனக்கு ஆய்வேடு. கிடைக்கவில்லையென்றால், மேலநீலிதநல்லூரிலிருந்து ஆறு வருடம் பஸ் ஏறி வந்ததற்கு அடையாளமாக ஒரு டப்பா நிறைய உடைந்த ஜன்னல்கள்தான் மிஞ்சும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. நல்ல புத்தியா கெட்ட புத்தியா என்று நீங்களே பின்னால் சொல்லுங்கள்.

எங்கள் ஹோல்டரை எல்லாம் செய்துகொடுத்தது தறி சாமான் செய்கிற ஒரு லேத்துப் பட்டறை. அங்கே இருந்த அண்ணாச்சிக்கு எங்கள் ஆராய்ச்சியில் ஆரம்பத்திலிருந்தே மரியாதை கிடையாது. "துருப்புடிக்கதப் பாக்க அம்புட்டுத் தூரம் போணுமாக்கும்? எங்க பட்டறைக்கு வா தங்கச்சி, சும்மாவே காட்டுதேன்," என்பார். நான் கொண்டுபோன புது வரைபடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நாலு ஸ்க்ரூவையும் பின்பக்கம் மாற்றி, ஒரு தகட்டால் மூடியிருந்தேன். முன்பக்கம், கண்ணில் படுகிற இடத்தில், பெரிய தலையோடு ஐந்தாவதாக ஒன்று.

"நாலு சரி. இது எதுக்கு? இது ஒண்ணையும் புடிக்கலியே?"

"சாரப் புடிக்கும் அண்ணாச்சி."

அண்ணாச்சி சிரித்தார் பாருங்கள், லேத் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவர் பட்டறையில் சாமானைக் கவ்விப் பிடிக்கிற வைஸையும் எங்கள் சார் ஒருமுறை டைட் வைத்துவிட்டு வந்திருந்தார். "அப்ப நல்லா நீளமாப் போடுதேன். குழியும் ஆழமா எடுக்கேன். திருப்பித் திருப்பி அவரு கை ஓயட்டும்," என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, கண்ணைப் பார்க்காமல் சொன்னேன்: "சார், பிரஷர் முழுக்க முன்னால இருக்கிற இந்த ஸ்க்ரூவுலதான்." அவர் ஹோல்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆலன் கீயை எடுத்தார். ஒரு கால் சுற்று. இன்னொரு கால் சுற்று. டிக் கேட்கவில்லை. "ரொம்ப நல்ல டிசைன் மக்கா," என்றார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் ஒரு ஜன்னல்கூட உடையவில்லை. காலையில் வந்ததும் ஒரு கால் சுற்று, சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு கால் சுற்று. நான் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொள்வேன். ஒரு கருத்தரங்கில் அந்த ஐந்தாவது ஸ்க்ரூவைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். அழுத்தம் சமமாகப் பரவுகிறது என்று படம் போட்டுக் காட்டினார். கேட்டவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, உலகத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடக்கே அந்தக் கூடத்தில் முதல் நாள் காலை ஹோல்டரைப் பெட்டிக்குள் வைத்தோம். முதலில் தண்ணீர் விடாமல், வெறும் ஹோல்டரோடு காற்றை உறிஞ்ச வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே காற்றழுத்தம் இறங்கினால்தான் கதிர் வருகிற கதவு திறக்கும். எங்கள் கல்லூரிப் பம்ப் அந்த அளவில் பாதி தூரம்கூடப் போகாது. அதனால் கல்லூரியில் எல்லாம் சரியாகவே இருந்தது. இங்கே திரையில் அழுத்தத்தின் எண் கடகடவென்று இறங்கி, ஓர் இடத்தில் வந்து நின்றுகொண்டது. நின்றதுதான். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், நகரவில்லை.

"லீக்," என்றார் சார். பெட்டியைத் திறந்து, ஐந்தாவது ஸ்க்ரூவை ஒரு கால் சுற்று சுற்றி, மூடி, மறுபடி உறிஞ்சினோம். முன்பைவிட மோசம். மறுபடி திறந்தார். மறுபடி கால் சுற்று. முதல் நாள் முழுக்க அப்படியே போயிற்று.

இரண்டாம் நாள் காலையில் அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்கிற விஞ்ஞானி வந்தார். வடக்கத்திக்காரர், வயதில் இளையவர். பெட்டியைச் சுற்றி ஹீலியம் ஊதிப் பார்த்தார். எங்கும் ஓட்டை இல்லை. வெளியிலிருந்து காற்று வரவில்லை, உள்ளேயே ஏதோ ஒன்று காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்றார். "உங்கள் ஹோல்டரில் அடி மூடிய துளைக்குள் போகிற ஸ்க்ரூ ஏதாவது இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நாலு நிஜ ஸ்க்ரூவுக்கும், மூடிய தகட்டுக்கும், காற்று வெளியேற வழி வைத்திருந்தேன். அது இந்த வேலையில் அரிச்சுவடி. ஐந்தாவதுக்கு வைக்கவில்லை. அதை நான் ஹோல்டரில் சேர்த்தே நினைக்கவில்லை. அண்ணாச்சி ஆசையாக எடுத்த ஆழமான குழியின் அடியில் காற்றும், ஹோல்டரைக் கழுவிய ஆல்கஹாலும் சிக்கிக் கிடந்தன. சார் டைட் வைக்க வைக்க அது மெதுவாக, இன்னும் மெதுவாகக் கசிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் சார் பதில் சொல்லிவிட்டார். "அப்படி ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் வழி வைத்திருக்கிறது. இது என் மாணவி டிசைன் செய்தது." நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆறு வருட உழைப்பு மணிக்கணக்கில் கரைந்துகொண்டிருக்கிறது, காரணம் எனக்குத் தெரியும், இருந்தும் வாய் வரவில்லை. சார், அது நீங்கள் திருப்பி விளையாடப் போட்டது என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்லுவது? ஒருவேளை தானாகவே எண் இறங்கிவிடும் என்று பைத்தியக்காரி மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாரும் அன்று காலையில் ஏனோ பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. அவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் போயிற்று.

மதியம் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ரொட்டியைப் பிய்த்தபடி அவராகவே பேசத் தொடங்கினார்.

"நான் படிக்கும்போது ஒரு தடவ லீக் ஆயிட்டு மக்கா. நான் போட்ட ஜாயிண்ட்டுதான். பம்ப் எண்ணெயெல்லாம் உள்ள ஏறிட்டு. உள்ள இருந்தது என் சாம்பிள் இல்ல, என் கூட்டாளிது. ரெண்டு வருசமாச் செஞ்சது. அவன் அதோட படிப்ப விட்டுட்டான். இப்பம் கோவில்பட்டியில மருந்துக்கட வச்சிருக்கான்."

"நல்லாத்தான இருக்காங்க சார்?"

"நல்லாத்தான் இருக்கான். என்னையப் பாத்தா பேச மாட்டான்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாவது ஸ்க்ரூ எதையும் பிடிக்கவில்லை, அவர் ஜன்னலை உடைக்கக் கூடாது என்று நானும் அண்ணாச்சியும் சேர்ந்து போட்டது, குழி மூடிய குழி, வழி வைக்க மறந்தேன். கத்துவார், அங்கேயே எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த ரொட்டியை முழுக்கத் தின்று முடித்தார்.

"சரி. வா, கழட்டுவோம்," என்றார்.

போய்க் கழற்ற வேண்டுமே! நான் முயன்றேன். அசையவில்லை. வடக்கத்தி விஞ்ஞானி முயன்றார். மனிதருக்குக் கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். முந்தின நாள் முழுக்க ஒவ்வொரு கால் சுற்றாக ஏற்றியது ஆயிற்றே. கடைசியில் சார் வந்தார். ஆலன் கீயைப் போட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, ஒரே திருப்பு. இளகிய ஸ்க்ரூ சுற்றிச் சுற்றி வெளியே வந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தது. துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே எண் இறங்கியது. கதவு திறந்தது. மூன்றாம் நாள், தண்ணீர் விட்டோம். திரையில் ஒரு இரும்புத் துகளின் ஓரம், ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறி, தண்ணீருக்குள் பஞ்சு மாதிரி விரிந்தது. துரு. எங்கள் ஊர்த் தறிப்பட்டறை எல்லாவற்றிலும் இலவசமாகக் கிடைக்கிற அதே துரு. நான் அழுதுவிட்டேன். சார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "லீக் இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

ஊர் திரும்புகிற ரயிலில் அவர் என்னோடு பேசவில்லை. எனக்குத் தாகம். என் தண்ணீர் பாட்டிலை ஏறும்போதே அவர் ஒருமுறை சரிபார்த்திருந்தார். விருதுநகர் வரை தாகத்தோடேயே வந்தேன். அப்புறம் மானத்தை விட்டு, "சார், இதக் கொஞ்சம்," என்று நீட்டினேன். திறந்து கொடுத்தார். குடித்தேன். வாங்கி மூடினார்.

என் வாய்மொழித் தேர்வு எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஹோல்டரைக் கையில் வாங்கிப் பார்த்தார். "முன்பக்கம் ஒரு துளை இருக்கிறதே, எதற்கு? இதற்கு ஸ்க்ரூ இல்லையே?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல? சார் முதல் வரிசையில் இருந்தார். தேர்வு தொடங்கியதிலிருந்தே அவர் கையில் அந்த ஸ்க்ரூ இருந்தது. அதற்கு ஒரு நட்டு தேடிப்பிடித்து மாட்டி, சுற்றுவதும் கழற்றுவதுமாக இருந்தார். தன் மாணவர்களைப் பேசவிடாமல் தானே எல்லாப் பதிலும் சொல்லிப் பழகிய மனிதர், அன்று அதுவரை ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. இப்போது எழுந்தார்.

"அது என்னோட டிசைன். தேவையில்லன்னு பிள்ள எடுத்துட்டா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

என்னைக் காப்பாற்றினாரா, என் ஸ்க்ரூவைத் திருடினாரா என்று எனக்குப் பல வருடம் புரியவில்லை.

இப்போது அவர் இருந்த அறையில் நான் இருக்கிறேன். குழாய்களை எல்லாம் பெயர்த்து மாற்றியாயிற்று. எனக்கும் ஆய்வு மாணவி ஒருத்தி இருக்கிறாள், அவளும் ஹோல்டர்தான். நான் யாருடைய ஸ்க்ரூவையும் தொடுவதில்லை. என் கையில் சிவப்புப் பேனா இருக்கும், அவ்வளவுதான். ஒரு வரைபடத்தில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்காமல் எனக்குக் கையெழுத்துப் போட வராது. தப்பு இல்லையென்றால் நன்றாக இருப்பதில் ஒன்றை மாற்றுவேன். இது என் குணம், தரம் முக்கியம் அல்லவா? சில மாதமாக அந்தப் பெண் கொண்டுவருகிற படத்தில் எல்லாம் வலது கீழ் மூலையில் ஒரு அளவு விட்டுப்போயிருக்கும். எத்தனை முறை சொன்னாலும் திருந்த மாட்டேன் என்கிறாளே என்று சலித்துக்கொண்டு, சிவப்பில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். "நன்றி மேடம்," என்பாள்.

போன வாரம் லேத்துப் பட்டறைப் பக்கம் போனேன். அந்த வாரத்து ஹோல்டர் செய்து முடித்து மேசைமேல் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டது அன்று காலையில்தான். பக்கத்தில் கிடந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். வலது கீழ் மூலையில் அளவு இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. ஒரு சிவப்புக் கோடு கிடையாது.

"அண்ணாச்சி, இது எப்ப வந்த படம்?"

அவர் லேத்தை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "இது பட்டறைக்கு வார படம், தங்கச்சி. மூலையில அளவு இல்லாதது உனக்கு வார படம்."

பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் நேரே சார் வீட்டுக்கு நடந்தேன். கேட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டு, பின்னாலேயே சாத்தித் தாழ் போட்டார். தலை நரைத்துவிட்டது, கை மட்டும் அப்படியே இருக்கிறது. முற்றத்தில் மோட்டார் மூடியைக் கழற்றிப் போட்டு டைட் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். உட்காரக்கூட இல்லை, கேட்டுவிட்டேன்.

"சார், அந்த அஞ்சாவது ஸ்க்ரூ. நான் சொல்லுததுக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரியுமா?"

"முத வாரமே தெரியும் மக்கா," என்றார், மோட்டாரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு ஸ்க்ரூ எதையாவது புடிச்சிருக்கா, சும்மா கெடக்கான்னு கைக்குத் தெரியாதா? பின்ன இத்தன வருசம் என்னத்த டைட் வச்சேன்?"

"பெறகு ஏன் சார் நாலு மாசமா அதையே திருப்புனீங்க? கருத்தரங்குல வேற பேசுனீங்களே!"

"ஜன்னல் உடையலல்லா." இன்னும் ஒரு கால் சுற்று சுற்றினார். "அதோட, கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியலியே."

"அப்ப அன்னைக்குக் காலையில? மூணு மணி நேரம் போச்சே சார்! எனக்கு உசிரே போச்சு."

அவர் கை நின்றது. "அந்த ஆளு கேக்கவும்தான் எனக்கு வெளங்கிச்சு. நீ சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த ஆளு முன்னால நான் எப்படிச் சொல்ல? நீ கொறஞ்சி போயிருவல்லா."

"நான் நீங்களாக் கண்டுபிடிப்பீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அடுப்படியிலிருந்து வீட்டம்மா குரல் வந்தது. "நல்லாச் சேந்தீங்க, ரெண்டு கல்லுளிமங்கனுவ."

சார் சிரித்தார். நானும் சிரித்தேன். என் மாணவியைப் பற்றி அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. அடுத்து அவள் கொண்டுவருகிற படத்திலும் அந்த மூலை காலியாக இருக்கும், நான் சிவப்புப் பேனாவை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போடுவேன் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவர் மறுபடி மோட்டார் பக்கம் குனிந்துகொண்டார்.

கேட்டின் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு, காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். அசையவில்லை.

"சார்," என்று கூப்பிட்டேன்.